கார் பட்டறை: பழைய பத்மினிக்கு ஜிப்சி எஞ்சின் போடலாமா?

பழைய கார்களைப் புதுப்பிப்பது, புதுக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவது பற்றிய கேள்விகளே இந்த மாதம் அதிகம். அவற்றுக்கே முழுப் பக்கங்களையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் 1978 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கிறது. பல வருடம் நின்றதில் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. அமெரிக்காவில் பழைய காரில் வேகமான எஞ்சின் ஏற்றி 'ஹாட் ராட்' செய்வதுபோல மாருதி ஜிப்சி எஞ்சினும் 5 கியர் பாக்ஸும் ஏற்றி ரோட்டில் ஓட்ட ஆசை. முடியுமா? — வாசகர், கோவை

பட்டறையில் முடியும். ரோட்டில் ஓட்டத்தான் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அதே ரக எஞ்சினை, ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி வாங்கி மாற்றி, புது எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். வேறு கம்பெனி எஞ்சின் போட்டுவிட்டு பழைய ஆர்.சி.யோடு ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் வண்டிக்கு 2028-ல் 50 வயது நிறைகிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசி, பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாத சொந்த உபயோக வண்டிகளுக்கு 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதி பொருந்தும். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். புதிதாகப் பதியும் வண்டியின் நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அன்றாட ஓட்டத்துக்கு அது உதவாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். என்றாலும் இன்று ஜிப்சி எஞ்சின் ஏற்றினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

ஜாம் ஆன எஞ்சினை அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டு, மூன்று நான்கு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள். கயிறு கட்டி இழுத்து, கியரில் போட்டு ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் ரிங் உடையும், கனெக்டிங் ராடும் வளையும். எஞ்சின் சுற்றத் தொடங்கினாலும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும். பத்மினிக்கு அலுமினிய ஹெட். ஒருமுறை நன்றாகச் சூடேறியிருந்தாலும் வளைந்திருக்கும். நேர்க்கோல் வைத்து அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்கவேண்டும்.

தனியார் இடத்திலும் ட்ராக்கிலும் மட்டும் ஓட்டுவதற்கென்று செய்வதானால் ஜிப்சியின் ஜி13பிபி எஞ்சின் நல்ல தேர்வுதான். 1298 சிசி, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை ஊசிமுனையால் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன். பத்மினியின் 1089 சிசி எஞ்சின் கொடுத்தது 40. ஜிப்சியில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக இருப்பதால், கியர் பாக்ஸிலிருந்து நேராகப் பின் ஆக்சிலுக்கு ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இழுக்கலாம். பத்மினியின் பின் ஆக்சில் விகிதம் 4.3. 155/80 ஆர்14 டயரில், நேர் விகித டாப் கியரில் 80 கி.மீ. வேகத்துக்கே எஞ்சின் ஏறக்குறைய 3,000 சுற்று சுற்றும். ஐந்தாவது கியரின் அருமை அங்கே தெரியும். ஆனால் இவ்வளவுக்கும் முன்னால் பிரேக்கை மாற்றுங்கள். 80-லிருந்து 120-க்கு வேகம் போனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு ஆகிறது. வண்டியில் இருக்கும் நான்கு டிரம் பிரேக்கும் அதைத் தாங்காது.

கேள்வி: ஹாட் ராட், ரெஸ்டோமாட் இரண்டும் ஒன்றா? — வாசகர், மதுரை

இல்லை. ஹாட் ராட் கலிஃபோர்னியாவில் பிறந்தது. 1932-ல் ஃபோர்டு விற்ற காரில் 221 கன அங்குல வி8 எஞ்சின், 65 குதிரைத்திறன். சாதாரண மக்கள் வாங்கும் விலையில் வந்த வி8 அது. பழைய வண்டியை மலிவாக வாங்கிய இளைஞர்கள் மட்கார்டு, பம்பர், பானெட் எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்து, முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். 1937-ல் அவர்களுடைய சங்கங்கள் சேர்ந்து எஸ்.சி.டி.ஏ. (சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற அமைப்பை உண்டாக்கின. 1955-ல் செவ்ரலே 265 கன அங்குல வி8 வந்தபிறகு அந்த எஞ்சினும் அதன் வாரிசுகளுமே பெரும்பாலான ஹாட் ராட்களில் ஏறின. கூரைத் தூண்களை அறுத்து உயரம் குறைப்பது 'சாப்'. தரையை அறுத்து, பாடியை சேசிமேல் தாழ இறக்குவது 'சேனல்'. இரண்டுமே வண்டியின் உருவத்தையே மாற்றிவிடும்.

ரெஸ்டோமாட்டில் வெளித்தோற்றம் கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கும். எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன், ஏ.சி. மட்டும் இந்தக் காலத்துடையவை. நம் ஊர்ச் சட்டத்துக்குள் நிற்பது அதிலும் மிதமான வகைதான். எஞ்சின் அதே ரகம். பிரேக், வயரிங், கூலிங், இக்னிஷன், சீட், விளக்கு இவற்றில் மேம்பாடு. அதைக் குறைவாக நினைக்கவேண்டாம். பழைய காரை ஓட்டும்போது வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: இங்கே 1951 செவ்ரலே 3100 பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். 5.3 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக் கியர், முன்பக்கம் மஸ்டாங்-2 வகை சஸ்பென்ஷன் (இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குவது) என்று திட்டம். எதில் கவனமாக இருக்கவேண்டும்? — வாசகர், டொராண்டோ

முதலில் பதிவு. உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தின் ஹிஸ்டாரிக் பிளேட், 30 வயதுக்கு மேற்பட்டு, அதிகம் மாற்றப்படாத வண்டிகளுக்குத்தான். உங்கள் திட்டத்துக்கு அது கிடைக்காது. பாதுகாப்புச் சோதனையில் தேறி சாதாரண பிளேட் எடுக்கவேண்டியிருக்கும். ஆகவே வெல்டிங், பிரேக் குழாய், ஸ்டீயரிங் மூட்டு எல்லாம் சோதிப்பவர் கண்ணில் படும் என்று வைத்தே வேலை செய்யுங்கள்.

வெட்டுவதற்கு முன் அளவெடுங்கள். வண்டியைச் சமதளத்தில், ஓடும்போது இருக்கும் உயரத்தில், ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். முன் ஆக்சிலின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, ஃபிரேமின் இரு பக்கமும் தரையிலும் குறி போடுங்கள். பழைய ஆக்சிலைக் கழற்றியபின் உங்களுக்கு மிஞ்சுவது இந்தக் குறி ஒன்றுதான். அது 10 மி.மீ. தப்பினால் மட்கார்டு வளைவில் சக்கரம் நடுவில் நிற்காது, அதற்கப்புறம் சரிசெய்யவும் முடியாது. 3100-இன் ஃபிரேம் திறந்த சி-வடிவம். புது சஸ்பென்ஷனைத் தாங்கும் கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) உட்காரும் இடத்தில் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கியபிறகே கிராஸ்மெம்பரை வெல்டு செய்யவேண்டும். முதலில் புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். மூலைக்கு மூலை அளந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடியுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும்.

இந்த லாரியில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடி வரும். புது கியர் பாக்ஸோடு அது சேராது, பின் ஆக்சிலும் மாறியாகவேண்டும். புது ஆக்சிலின் ஸ்பிரிங் பேடுகளை உடனே வெல்டு செய்துவிடாதீர்கள். எஞ்சின் பின்பக்கம் 3 டிகிரி தாழ்ந்து உட்கார்ந்தால், டிஃபரன்ஷியலின் மூக்கு அதே 3 டிகிரி மேல் நோக்கவேண்டும். இரண்டும் இணைகோடாக இருக்கும்போதுதான் இரு யூனிவர்சல் மூட்டுகளின் துடிப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்து மறையும். மூட்டு ஒவ்வொன்றிலும் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். வேகமெடுத்ததும் தரை அதிர்ந்தால் பலர் ஷாஃப்டைத் திரும்பத் திரும்ப பேலன்ஸ் செய்கிறார்கள். கோணத்தை அளந்து பார்ப்பதில்லை.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இந்த வண்டியில் தரைக்கு அடியில், காலிப்பரைவிட (டிஸ்க் பேடை அழுத்தும் பகுதி) தாழ்வாக இருக்கும். நிறுத்தி வைத்தால் ஆயில் பின்னோக்கி வடிந்து, முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். டிஸ்க் இருக்கும் குழாயில் 2 பி.எஸ்.ஐ., டிரம் இருக்கும் குழாயில் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ரெசிடுவல் வால்வு போடுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் டிஸ்க் பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் சிலிண்டர் இரட்டைச் சுற்று உள்ளதாக இருக்கவேண்டும்.

எஞ்சினை வயரிங், கம்ப்யூட்டர், 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸோடு ஒரே பழைய லாரியிலிருந்து முழுசாக எடுங்கள். தனித்தனியாகச் சேர்த்தால் ஒன்றோடொன்று பேசவைப்பதற்கே மாதங்கள் போகும். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்கவேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும். லாரி எஞ்சினின் ஆயில் சம்ப் ஆழமானது, கிராஸ்மெம்பருக்குக் கீழே தொங்கும். குட்டையான சம்ப் வாங்குங்கள். பெட்ரோல் அழுத்தம் 58 பி.எஸ்.ஐ. வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு 5 முதல் 7 போதும் என்பதால் பழைய குழாயையும் கிளிப்பையும் அப்படியே விடுபவர்கள் உண்டு. அது தீ விபத்தில் முடியும். 1999 முதல் 2003 வரை வந்த கார்வெட்டின் ஃபில்டரில் 58 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. டேங்குக்குப் பக்கத்தில் அதை வைத்தால் எஞ்சின்வரை ஒரே குழாய் போதும். கடைசியாக, வண்டியின் மின்சாரம் 6 வோல்ட். பழைய வயரை ஒட்டுப்போட்டு 12-க்கு மாற்றாமல் முழுதும் புதிதாக இழுங்கள்.

கேள்வி: அம்பாசிடர் மார்க் 4-க்கு முன் டிஸ்க் பிரேக் போட்டேன். பெடல் கல்லாக இருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓடினால் முன் சக்கரம் கொதிக்கிறது. என்ன கோளாறு? — வாசகர், சேலம்

கோளாறு இரண்டு. இரண்டுமே பழைய மாஸ்டர் சிலிண்டரை, பூஸ்டரும் சேர்க்காமல், அப்படியே விட்டுவைத்ததால் வந்தவை என்று தோன்றுகிறது.

டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் சின்ன வால்வு ஒன்று உண்டு. காலை எடுத்தபிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் நிற்கும்படி அது வைத்துக்கொள்ளும். டிரம்முக்கு அது தேவை; அந்த அழுத்தத்தையும் மீறி ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் பேடை இழுக்க ஸ்பிரிங் இல்லை, அந்த அழுத்தமே பேடைத் தட்டோடு ஒட்டிவைக்கும். சோதிப்பது சுலபம். சக்கரம் சூடாக இருக்கும்போதே ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் ப்ளீடர் நிப்பிளைத் தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டு சக்கரம் சட்டென்று விடுபட்டால் வால்வுதான் காரணம். விடுபடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனோ, ஸ்லைடு பின்னோ பிடித்திருக்கிறது. பெடலில் ஃப்ரீ ப்ளே (வேலை தொடங்கும் முன் சும்மா அசையும் தூரம்) உண்டா என்றும் பாருங்கள். புஷ் ராடு பிஸ்டனை எப்போதும் தொட்டுக்கொண்டிருந்தால், ஆயில் திரும்பும் துளை மூடி இதே தொல்லை வரும்.

பெடல் கல்லாக இருப்பதற்குக் காரணம் பூஸ்டர் இல்லாதது. டிஸ்க்குக்கு டிரம்மைப்போலத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் குணம் கிடையாது, ஆகவே அதிக அழுத்தம் வேண்டும். டேண்டம் (இரட்டைச் சுற்று) மாஸ்டர் சிலிண்டரும் வேக்குவம் பூஸ்டரும் சேர்த்துப் போடுங்கள். துளை அளவைக் கேட்டு வாங்குங்கள். முக்கால் அங்குலத்துக்குப் பதில் எட்டில் ஏழு (7/8) அங்குலம் வாங்கினால், அதே அழுத்தத்துக்குக் கால் 36 சதவீதம் கூடுதலாக மிதிக்கவேண்டியிருக்கும். பெரிய துளை என்றால் பெரிய பிரேக் என்று சொல்லி விற்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பெடல் நெம்புகோல் விகிதம் பூஸ்டர் இல்லாமல் 6-க்கு 1, பூஸ்டரோடு 4-க்கு 1 என்ற அளவில் இருந்தால் நல்லது.

பிற்கால 1800 ஐ.எஸ்.இஸட். அம்பாசிடர்களில் முன் டிஸ்க் கம்பெனியிலிருந்தே வந்தது. அந்த வண்டியின் ஹப், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாம் முழு செட்டாகக் கிடைத்தால், பட்டறையில் அறுத்து ஒட்டிய பிராக்கெட்டைவிட அதுவே மேல். ஒரு போல்ட்டில் நிற்கும் காலிப்பர் பிராக்கெட் எங்கேயாவது கண்டால், அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

கேள்வி: அம்பாசிடரின் கதவுக்குக் கீழே இருக்கும் சில் முழுக்கத் துருப்பிடித்து ஓட்டை. டிங்கரிங் கடையில் ஃபைபரும் பட்டியும் வைத்து மூடிவிடலாம் என்கிறார்கள். — வாசகர், திருநெல்வேலி

வேண்டவே வேண்டாம். அம்பாசிடருக்குத் தனி சேசி கிடையாது. பாடியே சேசி. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைத்துப் பிடித்திருப்பது அந்த சில் பெட்டிதான். அதில் பட்டி வைத்தால் வெளியே பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டே போகும். கடைசியில் ஜாக்கி வைத்தால் வண்டி எழாது, ஜாக்கி உள்ளே போகும்.

வெட்டும் முன் கதவை மூடிவைத்து இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கதவைக் கழற்றி, கதவுக்கு முன்னால் இருக்கும் ஏ தூணுக்கும் பின்னால் இருக்கும் பி தூணுக்கும் இடையில் 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்காக வெல்டு செய்து பூட்டுங்கள். பின் கதவுக்கும் அப்படியே. இந்தப் பூட்டு இல்லாமல் சில்லை அறுத்தால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். புது சில் போட்டபிறகு கதவு மூடாது. ஒரு பக்கம் முழுதும் முடிந்தபிறகே மறுபக்கத்தைத் தொடவேண்டும்.

தரைக்கு 20 கேஜ், சில்லுக்கு 18 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) தகடு போதும். கால்வனைஸ் தகட்டை அப்படியே வெல்டு செய்தால் துத்தநாகப் புகை காய்ச்சலை வரவழைக்கும், வெல்டும் பிடிக்காது. காஸ் வெல்டிங்கும் வேண்டாம், மெல்லிய தகட்டை அது சூட்டில் நெளித்துவிடும். 0.8 மி.மீ. கம்பியில் மிக் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி அடுத்த புள்ளி என்று தாவித் தாவிப் போய், பின்பு இடைவெளிகளை நிரப்பவேண்டும். வெளியே எபாக்ஸி ப்ரைமர், அதன்மேல் பட்டி, அதுவும் 2 மி.மீ.க்குமேல் வேண்டாம். சில்லின் உட்புறத்தில் கேவிட்டி வேக்ஸை (துருவைத் தடுக்கும் மெழுகு) நீளக் குழாய் வைத்து அடியுங்கள். அடியில் இருக்கும் வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள். அவை அடைந்ததால்தான் முதலில் துருவே பிடித்திருக்கும்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன் சக்கரம் மடங்கிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? — வாசகர், சென்னை

உண்மை, ஆனால் தடுப்பது மிகச் சுலபம். 1961-லிருந்து சென்னையிலேயே செய்யப்பட்ட இந்த அழகான வண்டியின் முன் சஸ்பென்ஷனில், செங்குத்து லிங்கின் அடி முனை ட்ரன்னியன் என்ற பித்தளைத் தாங்கிக்குள் மரையாக இறங்கும். ஸ்டீயரிங் திரும்புவதே அந்த மரையில்தான். அதற்குப் போடவேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் அல்ல. கிரீஸ் மேலேயே கெட்டியாக நின்று அடி மரைக்குப் போகாது. அங்கே மழைத்தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் வண்டியை நிறுத்த ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது லிங்க் முறியும்.

நிப்பிள் இருப்பதைப் பார்த்ததும் மெக்கானிக் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார். அந்த கன்னிலேயே கியர் ஆயிலை நிரப்பி, மேலே ஆயில் கசியும்வரை அடிக்கச் சொல்லுங்கள். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை, அதோடு மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை. ட்ரன்னியன் மாற்றினால் இடது வேறு, வலது வேறு. மரை எதிரெதிர்த் திசை. முழுதாக முறுக்கி, ஒரு சுற்றுக்கும் குறைவாகப் பின்வாங்கி நிறுத்தவேண்டும். அடியில் இறுக்கமாக முட்டி நின்றால் ஸ்டீயரிங் திரும்பும்போதே லிங்க் உடையும்.

கேள்வி: இ20 பெட்ரோலில் பழைய கார்புரேட்டர் வண்டி இருமுகிறது, ஆக்சிலரேட்டர் மிதித்தால் 'டப்' என்கிறது. — வாசகர், தஞ்சாவூர்

கலவை மெலிந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இந்த இ20 பெட்ரோலுக்கு, அதே அளவு காற்றுக்கு 8 சதவீதம்போல அதிக எரிபொருள் வேண்டும். சோலெக்ஸ் மெயின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டம். 120 என்றால் 1.20 மி.மீ. துளையின் பரப்புதான் கணக்கு என்பதால் விட்டம் 4 சதவீதம் கூடினால் போதும். 120 இருந்தால் 125 போட்டுப் பாருங்கள். 20 கி.மீ. ஓட்டி பிளக்கைக் கழற்றினால் பீங்கான் வெள்ளையாக இல்லாமல் இளம் பழுப்பாக இருக்கவேண்டும். இருக்கும் ஜெட்டை ஊசியால் குடைந்து பெரிதாக்காதீர்கள்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் 'வைட்டான்' (Viton) என்ற செயற்கை ரப்பர் உட்பூச்சு உள்ளதாக மாற்றுங்கள். பழைய ரப்பர் ஊதி, உள்ளே உரிந்து ஜெட்டை அடைக்கும். பம்ப் டயாஃப்ரமும் அப்படியே. எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் டேங்கின் அடியில் தங்கித் துருவாகும். ஒரு மாதத்துக்குமேல் நிறுத்துவதானால் டேங்கை வடித்துவிடுங்கள். வண்டி அம்பாசிடராக இருந்து, இரும்பு ஹெட்டை எப்படியும் கழற்றுகிறீர்கள் என்றால், கடினப்படுத்திய வால்வு சீட் வளையங்களையும் போட்டுவிடுங்கள். 2000 பிப்ரவரியோடு பெட்ரோலில் ஈயம் நின்றுவிட்டது. வளையம் இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து, டேப்பட் இடைவெளி மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வரும்.

கேள்வி: பழைய அம்பாசிடரில் எச்4 ஹாலஜன் போட்டால் சுவிட்ச் உருகுகிறது. — வாசகர், புதுச்சேரி

இரண்டு பல்புக்கும் சேர்த்து 120 வாட், அதாவது 10 ஆம்ப், அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகப் போகிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு 30 ஆம்ப் ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து 15 ஆம்ப் ஃப்யூஸ் வழியாகத் தனி வயர் இழுங்கள். சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும், வெளிச்சமும் கூடும். பழைய லூகாஸ் வயரிங்கில் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது என்பதையும் கவனியுங்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவதாக இருந்தால், முதலில் வண்டியின் எர்த் எது என்று பேட்டரியில் பாருங்கள். பாசிடிவ் எர்த் வண்டியில் ஆல்டர்னேட்டரை அப்படியே இணைத்தால் அதன் டையோடுகள் அந்த நிமிடமே போய்விடும்.